சுனோ மைனி வீட்டுப் பட்டாளத்தார்

எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலரில் நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். தலைப்பு, ‘நாஞ்சில் நாட்டுப் பெண்பெயர்கள்: ஒரு வேர்ச்சொல் ஆய்வு.’ அதில் ஏறக்குறைய ஒரு பக்கத்தை ‘சுனோ’ என்ற பெயருக்கே ஒதுக்கியிருந்தேன். மலையடிவார ஊர்களில் சுனை என்பது வற்றாத நீர். பெண்பிள்ளைக்குச் சுனை என்று பெயரிட்டு, விளித்துக் கூப்பிடும்போது ஈற்று ஐகாரம் ஓகாரமாகத் திரிந்து ‘சுனோ’ ஆயிற்று என்று நிறுவியிருந்தேன். அடிக்குறிப்பு வேறு. அடிக்குறிப்பு போட்டுவிட்டால் உளறலுக்குக்கூட வேட்டி சட்டை உடுத்தி விட்டது போல ஒரு கௌரவம் வந்துவிடும். போதாததற்கு ஆண்டு விழா மேடையில் ஏறி அதை வாசிக்கவும் செய்தேன். கைதட்டினார்கள். அது கட்டுரை முடிந்ததற்கான கைதட்டல் என்பது அப்போது உறைக்கவில்லை.

அந்தப் பெயர் கொண்ட பெண் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருத்திதான், எனக்கு அண்ணி முறையான பக்கத்து வீட்டு மைனி. ஒரே ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வட்டார வழக்கு என்று எழுதுவது ஆராய்ச்சியில் நடப்பதுதான்.

‘சுனோ’ என்றால் ஹிந்தியில் ‘கேளு’ என்று அர்த்தம். இது எனக்குத் தெரியவந்தது போன வருடம், கோட்டாற்றில் ஒரு பிளக்ஸ் கடையில், நாலு பேர் முன்னிலையில். ஹிந்தி ஒரு எழுத்துத் தெரியாமலே தலை நரைத்தவன் என்பதை அதுவரை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மைனியின் வீட்டுக்காரரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பழக்க தோஷம்.

அவர் பட்டாளத்தில் சிக்னல் பிரிவு. வயர்லெஸ் பெட்டியின் முன் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருகிற வேலை. ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். வயதுக்கு அவரை மாமா என்று கூப்பிட வேண்டும். முறை அண்ணாச்சியாகப் போய்விட்டது. பட்டாளத்தார் என்றால் எங்கள் பக்கம் ஒரு மீசையையும் மாலைநேரத்தில் ஒரு சண்டைக் கதையையும் எதிர்பார்ப்பார்கள். அண்ணாச்சி இரண்டிலும் ஊரை ஏமாற்றினார். கேன்டீன் சரக்கில் மட்டும் ஏமாற்றாததால் ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டது.

அவருடைய பேச்சு மொத்தமும் ஒரு சொல்லில் அடங்கும். முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று குரல் கொடுப்பார்.

“சுனோ!”

அடுக்களையிலிருந்து மைனி, “வாறேன்” என்பாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

“என்னவாம்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா மீன் அடுப்புல கெடக்கச்சில கூப்பிட்டிய?”

பேப்பர் ஒரு பக்கம் திரும்பும். மைனி ஏதோ முனகிக்கொண்டு உள்ளே போவாள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, அப்புறம் நினைத்த நேரமெல்லாம். சாளை மீன் புளிமுளக் குழம்பு எத்தனையோ முறை அடிபிடித்திருக்கிறது. கருகல் வாசனை எங்கள் வீட்டுக்கு வரும்போதே, “அண்ணாச்சி கூப்பிட்டிருக்காரு” என்பாள் என் மனைவி.

தெருவில் எல்லோருக்கும் இந்தக் குரல் கேட்டுக்கேட்டு அவள் சுனோக்கா ஆனாள், சுனோ சித்தி ஆனாள், மீன்காரிக்கு சுனோம்மா ஆனாள். முறைப்படி எனக்கு சுனோ மைனி.

ஒரு குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அண்ணாச்சியைப் பேசக் கூப்பிட்டார்கள். அறிமுக உரை நான் எழுதிக் கொடுத்தது. ‘பனிமலை உச்சியில் பகைவரை எதிர்கொண்ட நம் மண்ணின் மறவர்’ என்றெல்லாம் அதில் இருந்தது. பகைவரை அவர் எதிர்கொண்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. அண்ணாச்சி எழுந்து மைக்கைத் தட்டினார்.

“கேக்குதா?”

“கேக்குது!” என்றன பிள்ளைகள்.

“பின்னால இருக்கப்பட்ட பிள்ளையளுக்கு?”

“கேக்குது!”

“வேப்பமரத்துக்குப் பொறத்தால நிக்கியவனுக்கு?”

அங்கே வரிசைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு நின்றவனும் தன்னை மறந்து, “கேக்குது” என்றான்.

“சரி. சந்தோசம்” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரையும் அதற்குப் பிறகும் நடந்த பேச்சுகளில் அதுதான் மிகச் சிறந்தது. அடுத்து நன்றியுரை என்னுடையது. பாதியில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தன.

அவர் மகன் குமார் கல்ஃபில் வேலை பார்க்கிறான். தினமும் ராச்சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணாச்சி அவனுக்குப் போன் செய்வார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் உரையாடல் தெருவுக்கே மனப்பாடம்.

“கேக்குதா?”

“கேக்குது, அப்பா.”

“சரி, வை.”

லீவில் வந்தபோது குமார் என்னிடம் புலம்பினான். “ஏதாவது வேணுமாண்ணு கேக்கப்பிடாதா சித்தப்பா? சாப்டியாண்ணு ஒரு வார்த்த? ரெண்டு நிமிசம் பேசினா என்ன கொறஞ்சா போவும்? கம்பெனி ஆடிட்டருகூட இதவிட பாசமாட்டுப் பேசுவான்.”

நியாயமான புகார்தான். ஆனால் ஒரு மழைக்காலத்தில் பெரிய புயல் ஒன்று அடித்தது. ரப்பரும் வாழையும் சாய்ந்து, கரண்டு போய், செல்போன் கோபுரங்களும் செத்துக் கிடந்தன. விடிந்ததும் அண்ணாச்சி பழைய பட்டாளத்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “இருக்கேன் அண்ணாச்சி” என்று உள்ளிருந்து குரல் வந்தால், “சரி” என்று அடுத்த வாசல். உதவி வேண்டுமா, ஓடு பறந்ததா, ஒன்றும் கேட்கவில்லை. என் வாசலுக்கு வந்தபோது நான் முந்தின நாள் காற்றின் வேகத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் அவர் அடுத்த வாசலில் இருந்தார்.

தெருக் கடைசியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் வீட்டில் மட்டும் பதில் வரவில்லை. அண்ணாச்சி நகரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். திரும்பவும். மகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று சொன்னவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஓட்டைப் பிரித்து இறங்கினார். டீச்சர் குளிமுறியில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, கூப்பிடத் தெம்பில்லாமல் கிடந்தார். வாழையிலைகளை விலக்கிக்கொண்டு நாங்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். டீச்சர் இப்போதும் இருக்கிறார், கைத்தடியோடு. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அண்ணாச்சி மட்டும் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, “சுனோ!” என்றார். மைனி வந்தாள். ஒண்ணுமில்ல.

என் கட்டுரை வாசிப்புக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவரும் அவரேதான். சுனை, வற்றாத நீர், ஐகாரம், ஓகாரம் எல்லாவற்றையும் அசையாமல் கேட்டார். கூட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்தார். “சுனையா?” என்றார். “ஆமா, அண்ணாச்சி.” “நல்ல வார்த்த. இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைக்கூட என் ஆய்வு நெகிழ்த்திவிட்டது என்று அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஏனோ தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி போன வருடம் ஒரு மத்தியானம் போனார். நோய் நொடி ஒன்றுமில்லை. நாற்காலியில் இருந்தபடியே, “சுனோ” என்றிருக்கிறார். மைனி வந்து, “என்னவாம்?” என்றிருக்கிறாள். “ஒண்ணுமில்ல.” அவள் போய் அப்பளத்தைப் பொரித்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட வந்தாள். பேப்பர் மடியில் கிடந்தது.

பதினாறாம் நாளுக்குத் தெருமுனையில் பிளக்ஸ் வைக்க வேண்டும். படித்தவன் என்பதால் வாசகம் என் பொறுப்புக்கு வந்தது. அவசர லீவில் வந்திருந்த குமாரும் நானும் கோட்டாற்றுக் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவரிடம் நான் சொல்லச் சொல்ல அவர் அடித்துக்கொண்டே வந்தார். ‘கண்ணீருடன்: துணைவி சுனோ’ என்ற இடம் வந்தபோது குமார் திரையைப் பார்த்தான்.

“சித்தப்பா, இது என்னது?”

“அம்மைக்க பேரு.”

“இது பேரா?”

“சுனையிலேருந்து வந்த பேருடே. மலர்ல எழுதியிருந்தேனே, வாசிக்கல்லியா?”

குமார் தலையில் கைவைத்தான். “சித்தப்பா, சுனோண்ணா ஹிந்தியில கேளுண்ணு அர்த்தம். எனக்க ஃபோர்மேன் காலையிலேருந்து என்னைய இப்பிடித்தான் விளிக்கியான். எங்கப்பா பிளக்ஸ்ல ‘துணைவி, ஏய் கேளு’ண்ணு போடச் சொல்லுகியளா?”

கடையில் காத்திருந்தவர்களில் ஒருவர் சத்தமாகவே சிரித்தார். கம்ப்யூட்டர்க்காரர் மட்டும் தொழிலில் கருத்தாக, “எழுத்து தடிமனாட்டு வேணுமா, சாதாவா?” என்று கேட்டார்.

ஊருக்கு வந்து விசாரித்ததில்தான் முழு விவரமும் தெரிந்தது. தெருவில் பாதி வீட்டில் கல்ஃப் போய்வந்தவர்கள். எல்லோருக்கும் தெரியும். “தெரியும் அண்ணே. ஆனா நீங்க அடிக்குறிப்பெல்லாம் போட்டு எழுதியிருந்தியளா, ஹிந்தியில அப்பிடி இருந்தாலும் தமிழ்ல வேற மாதி இருக்குமோண்ணு விட்டுட்டோம்” என்றார் முடிவெட்டுகிறவர். மனைவியைக் கேட்டேன்.

“எனக்கும் தெரியும். டி.வி.யில ஹிந்தி சீரியல் பாத்த காலத்துலயே தெரியும்.”

“பின்ன ஏன் சொல்லல்ல?”

“மேடையில ஏறி வாசிச்ச பொறவு சொல்லி என்னத்துக்கு?”

என் மானம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு அது புதிதல்ல. குமார் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டான். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டான்: இனிமேல் அம்மாவை யாரும் சுனோ என்று கூப்பிடக் கூடாது, அவள் பெயர் பகவதி. என்னிடம் அவன் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. “இத்தன வருசமாட்டு அவளுக்க பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடல்ல சித்தப்பா. அப்பா கூவுனாரு, இவ ஓடுனா. கடைசி நாளுவரைக்கும் அதிகாரம் பண்ணிட்டுப் போய்ட்டாரு. இனியாவது அவளுக்க பேரு அவளுக்கு வேணும்லா?”

பிளக்ஸுக்கும் ‘பகவதி’ என்றே திருத்திச் சொன்னோம்.

தெரு கட்டுப்பட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள், “பகவதியக்கா” என்றார்கள். மீன்காரி, “பகவதியம்மோ” என்று நீட்டினாள். மைனி திரும்பவில்லை. சிலசமயம் சுவரில் மாலையிட்டுத் தொங்கிய மாமியார் படத்தைப் பார்த்தாள். சாப்பாடு குறைந்தது. கேட்டதற்குத்தான் பதில், அதுவும் கேட்டது அவளைத்தான் என்று தொட்டுச் சொன்னால். வேளாவேளைக்கு அடுக்களையிலிருந்து வந்து நாற்காலியைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காது மந்தமாகிவிட்டது என்று முடிவுகட்டி, காது டாக்டரிடம் நேரம் வாங்கினான் குமார்.

டாக்டரிடம் போக வேண்டிய நாள் காலையில் என் மனைவி வாட்ஸ்அப் கட்டளையை மறந்துபோய், மதில்மேல் எட்டிப் பார்த்துக் கூவினாள்: “சுனோக்கா, முருங்கக்காய் வேணுமா?”

அடுக்களைக்குள்ளிருந்து டாண் என்று பதில் வந்தது. “வாறேன், பிள்ளே!”

வந்தவள் மகனையும் என்னையும் முற்றத்தில் பார்த்தாள். குமாரின் கையில் பைக் சாவி. டாக்டரிடம் அழைத்துப்போகத் தயாராக நின்றான்.

“எனக்கு நல்லாக் காது கேக்கும்லே” என்றாள் மைனி. “நீங்க எல்லாருமாட்டு ஒனக்க ஆச்சியயல்லா கூப்பிடுகிய?”

குமாருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

“மாமியாருக்கும் பேரு பகவதி. எனக்கும் பகவதி. இந்த வீட்டுல வச்சி பகவதீண்ணு அவரு கூப்பிட்டா அம்மைய பேரு சொல்லி வெரட்டுகது மாதி இருக்கும்லா? ஏட்டீண்ணு கூப்பிட்டா நாத்தனாருமாரு அத்தன பேரும் திரும்புவாளுவ. அதான் இந்தப் பேரு. வடக்க குவார்ட்டர்ஸ்ல இருக்கச்சில எல்லாப் பொம்பளைக்கும் இதே பேருதான். சாயங்காலம் ஒருத்தன் சுனோண்ணு கூப்பிட்டா வரிசையோட எல்லாரும் வாசலுக்கு வருவோம். தொண்டைய வச்சி அவியவிய ஆளக் கண்டுபிடிச்சி மத்தவ உள்ள போவா. அர்த்தம் எனக்குத் தெரியாதுண்ணா நெனச்ச?”

“அதிகாரம்லா அது, அம்மா?”

“அதிகாரம் பண்ணுகவன் ஒரு வேலையாவது சொல்லுவாம்லா? என்னைக்காவது ஒரு சாயா கேட்டிருக்காரா? சாயா அவரே போட்டுக் குடிப்பாரு, எனக்கும் சேத்து.” முருங்கைக்காய் வாங்கவந்ததையே மறந்து, அவள் அண்ணாச்சியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். “நானும் ஒருநாளு கேட்டேன், சும்மா சும்மா என்னத்துக்கு விளிக்கியோண்ணு. டூட்டியில இருக்கச்சில மணிக்கொருதரம் மலைமேல இருக்கப்பட்டவன வயர்லெஸ்ல கூப்பிடுவாவளாம். சேதி ஒண்ணும் கெடையாது. அவன் கேக்குதுண்ணு சொன்னா போரும். ஒருநாளு கூப்பிட்டாராம், பதிலு வரல்லியாம். பொறவு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாராம். அதுக்குமேல ஒண்ணும் சொல்லல்ல. நானும் கேக்கல்ல. கூப்பிட்டா போயி நிப்பேன், அம்புட்டுதான்.”

குமார் பைக் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். தினமும் ஸ்பீக்கரில் வந்த கேள்வி அவனுக்கு அப்போதுதான் கேட்டது என்று நினைக்கிறேன்.

“அவரு போய்ட்டாரு. ஊராவது அந்தப் பேரச் சொல்லிக்கிட்டு இருந்துது. அதையும் நிறுத்திப்போட்டா, நான் யாருகிட்டலே வாறேண்ணு சொல்ல?”

என் மனைவி மதிலுக்கு அப்பால் முருங்கைக்காயோடு நின்று மூக்கை உறிஞ்சினாள். நான் ஏதாவது பொருத்தமாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

காது டாக்டர் தப்பித்தார். பிளக்ஸ் கடைக்கு மறுபடி போன் போட்டோம். ‘பகவதி என்கிற சுனோ’ என்று போடலாமா என்று நான் ஒரு சமரசம் வைத்தேன். “‘என்கிற’ எல்லாம் வேண்டாம், போலீசு தேடுகவளுக்கல்லா அப்பிடிப் போடுவாவ” என்று மைனி மறுத்துவிட்டாள். ஆகவே பதினாறாம் நாள் தெருமுனையில் அண்ணாச்சி யூனிபார்மில் நின்றார், கீழே ‘கண்ணீருடன்: துணைவி சுனோ’ என்று தடித்த எழுத்தில். சாப்பாட்டுக்கு வந்த பழைய பட்டாளத்தார்கள் நாலைந்து பேர் அதை வாசித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எனக்க வீட்டுலயும் ஒரு சுனோ உண்டும்” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பிறகு பாயசம் வந்தது.

குமார் திரும்பிப் போய்விட்டான். இப்போது தினமும் ராச்சாப்பாட்டுக்கு முன்னால் மைனியின் போன் அடிக்கிறது. அவளுக்கும் ஸ்பீக்கர்தான்.

“கேக்குதா, அம்மா?”

“கேக்குது, மக்கா.”

“சரி, வை.”

அவள் குரலில் குறையொன்றும் இல்லை. சில நாள் போனை வைத்ததும் ஒரு பழைய ஹிந்திப் பாட்டின் மெட்டு கேட்கும். புளிமுளம் அடிபிடிப்பதும் நின்றுவிடவில்லை. இப்போது அதற்குக் காரணம் என் மனைவியும் மதிலும்.

எனக்கு ஒரு கடமை மிச்சமிருந்தது. இந்த வருட மலருக்கு ஒரு திருத்தக் கட்டுரை எழுதினேன். சுனைக் கொள்கையைப் பகிரங்கமாக வாபஸ் வாங்கிவிட்டு, புதிதாக ஒன்றை முன்வைத்தேன். நாஞ்சில் நாட்டார் எதைச் சொன்னாலும் கடைசியில் ‘கேட்டியா’ என்று ஒன்று சேர்ப்போம். மழை வரும் கேட்டியா, நாளைக்கு வாறேன் கேட்டியா. எதிரில் இருப்பவன் கேட்டானா என்பது நமக்கு அவ்வளவு முக்கியம். அண்ணாச்சி செய்ததெல்லாம் அந்தக் ‘கேட்டியா’வை வடக்கே கொண்டுபோய் ஹிந்தியில் மாற்றி, வாக்கியத்தின் வாலிலிருந்து தலைக்குக் கொண்டுவந்ததுதான். அப்புறம் வாக்கியம் தேவைப்படவில்லை என்று விட்டுவிட்டார். சேதி இல்லாத அழைப்பே முழுமையான சேதி என்று எழுதி, இரண்டு பக்கங்களுக்கு விரித்து, அடிக்குறிப்புகளும் சேர்த்து, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் மைனிக்குப் படித்துக் காட்டினேன். முறத்தில் முருங்கைக்கீரை உருவியபடி கடைசி அடிக்குறிப்பு வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

“எப்பிடி மைனி?”

அவள் முறத்தைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

“அந்த மனுசன் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லண்ணு சொன்னதுக்கே நீரு இம்புட்டு எழுதியிருக்கேரு. வாயத் தொறந்து என்னமாம் சொல்லியிருந்தாருண்ணா, நாங்க என்ன கதிக்கு ஆயிருப்போம்?”